பொருள்: எலும்பு மச்சையிலிருந்து வரும் செல்லுக்குக் 'குழல் தாயணு' என்ற பெயர் பொருந்துமா?

வணக்கம்.

குருதிக்குழலின் உட்படலமாக மாறக்கூடியது எனக் கருதப்படும் எண்டோதீலியல் முன்னோடிச் செல்லைக் 'குழல் தாயணு' எனலாம் என்ற முன்மொழிவைக் கண்டேன். சொல் சுருக்கமாகவும் இனிமையாகவும் இருக்கிறது. ஆயினும் தாயணு என்றால் குழலின் சுவர் அதிலிருந்தே பிறக்கிறது என்று பொருள்படும். விழித்திரை ஆய்வுகள் அந்தப் பொருளை முழுமையாக ஆதரிக்கவில்லை.

1997இல் அசஹாரா, இஸ்னர் குழுவினர் பெரியவர்களின் குருதியிலிருந்து இத்தகைய செல்களைப் பிரித்தெடுத்தபோது, மச்சையிலிருந்து புறப்படும் செல்லே புதுக்குழலின் சுவராகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. 2002இல் ஃப்ரீட்லாண்டர் குழுவினர் எலியின் கண்ணுக்குள் செலுத்திய மச்சைக் குருத்தணுக்களும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் நரம்புத் துணைச் செல்களை நாடிச் சென்று, வளரும் குழல்களில் இணைந்தன. ஆனால் 2006இல் அதே ஆய்வகத்தார், ஆக்சிஜன் மிகுதியால் குழல்கள் சிதைந்த எலிக்குட்டிகளின் விழித்திரையில், மச்சையின் மைலாய்டு முன்னோடிகள் (குருதியணுக்களில் ஒரு பிரிவை உண்டாக்கும் செல்கள்) மைக்ரோகிளியா என்னும் நரம்புத் திசுக் காவல் செல்களாக மாறிக் குழல்கள் சீரடைய உதவுவதைக் கண்டனர். அதாவது, சுவரில் தாம் செங்கல்லாக அமையாமலேயே கட்டுமானத்தை முடுக்கிவிடும் செல்களும் உண்டு. அதற்கடுத்த ஆண்டு யோடர் குழுவினர், முன்னோடி என்று பெயர் பெற்ற பல செல்கள் உண்மையில் குருதியணு வழியைச் சேர்ந்தவை, அவை குழல் கட்டுவதில்லை என்று காட்டினர்.

ஆகவே ஒரு பெயருக்குள் இரண்டு பொருள்கள் அடைபட்டுள்ளன. அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டியதில்லை. குழலின் உட்புறத்தை வரிந்திருக்கும் ஓரடுக்குப் படலத்தை 'உள்வரி' என்று கொண்டால், அதுவாகவே மாறும் செல்லை 'உள்வரி முன்னோடியணு' என்றும், அருகிலிருந்து உதவும் செல்லைக் 'குழல்துணை மச்சையணு' என்றும் பிரிக்கலாம்.

மறுமொழி:

பிரிக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். 'துணை' என்பதில் மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. துணை என்றால் நன்மையே தோன்றும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயிலும் நீரிழிவு விழித்திரை நோயிலும் கேடு செய்வதே தறிகெட்ட குழல் வளர்ச்சிதான். மச்சையிலிருந்து வரும் செல்கள் அத்தகைய வளர்ச்சிக்கும் தூண்டுதலாகலாம். நன்மை, தீமை இரண்டுக்கும் இடம் தருவதால் 'குழலூக்கி மச்சையணு' என்பதே என் தேர்வு. 'உள்வரி முன்னோடியணு' அப்படியே இருக்கட்டும். 'மச்சை', 'மஜ்ஜை' இரண்டும் வழக்கில் உள்ளவை. அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.