இசை ரசிகர் தளத்துக்கு எழுத்து நடை விதிகள்: எவை தேவை, எவை தேவையில்லை?

சுருதிப்பெட்டி (கேள்வி)

நண்பர்கள் சிலர் சேர்ந்து திரையிசை, செவ்வியல் இசை, மேற்கத்திய ராக் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதும் ரசிகர் தளம் ஒன்றை நடத்தி வருகிறோம். எழுதுவோர் பெருகப் பெருக, ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமாக வருகிறது. தொகுப்பின் தலைப்பு ஓரிடத்தில் மேற்கோள் குறிக்குள்ளும் மற்றோரிடத்தில் தடித்த எழுத்திலும் நிற்கிறது. பாடல் வெளியான ஆண்டோ கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது. அனைவரும் பின்பற்றத்தக்க நடைக் கையேடு ஒன்றை எழுதத் தொடங்கினால், அது நீண்டுகொண்டே போகிறது; இத்தனை விதிகளை யார் படிக்கப் போகிறார்கள் என்ற ஐயமும் எழுகிறது. தலைப்புகளை எப்படிக் குறிப்பது, பெயர்களை எப்படி எழுதுவது, கலைஞர்களின் பட்டங்களைச் சேர்ப்பதா விடுவதா ஆகிய மூன்றும்தான் எங்களிடையே மிகுந்த வாதத்தைக் கிளப்புகின்றன. இத்தகைய தளங்களில் எழுதிப் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒற்றெழுத்து

தலைப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆங்கில இதழ்கள் பல, தொகுப்பின் பெயரைச் சாய்வெழுத்திலும் தனிப்பாடலின் பெயரை மேற்கோள் குறிக்குள்ளும் இடுவதால், அதையே இங்கும் கொண்டுவரத் தோன்றும். ஆனால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியே வரையப்பட்ட சாய்வெழுத்து கிடையாது. உலாவி நேரெழுத்தையே சாய்த்துக் காட்டுவதால், திரையில் அது கண்ணை உறுத்துவதோடு சரி. எனவே இரண்டுக்கும் ஒற்றை மேற்கோள் குறியையே வைத்துக்கொண்டு, அது பாடலா, தொகுப்பா, படமா என்பதைச் சொல்லால் குறிப்பிடுங்கள்.

‘என்ற பாடல்’, ‘என்ற தொகுப்பு’ என்று எழுதும் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தலைப்பின் மீதே வேற்றுமை உருபை ஏற்றினால், மேற்கோள் குறிக்கு வெளியே ஓர் ‘இல்’லோ ‘ஐ’யோ தொங்கும், குறி தவறிப்போனாலோ தலைப்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. ‘என்ற பாடலில்’, ‘என்ற தொகுப்பை’ என்று எழுதினால் தலைப்பு சிதையாமல் நிற்கும். ஒரு பத்திக்குள் அது நான்கு முறை வந்து சலிப்பூட்டினால், இரண்டாம் முறையிலிருந்து ‘இப்பாடல்’ என்று சுருக்கிவிடலாம்.

புழக்கப் பெயரையும் அதிகாரப்பூர்வத் தலைப்பையும் குழப்பாமலிருக்க ஒரு விதி கட்டாயம் வேண்டும். பீட்டில்ஸ் குழு 1968இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டின் தலைப்பு அக்குழுவின் பெயரேதான். உலகம் அதை அழைப்பதோ அதன் வெள்ளை அட்டையைக் கொண்டு. பீத்தோவனின் 27ஆம் படைப்பெண்ணின் இரண்டாம் சொனாட்டாவை நிலவொளியோடு சேர்த்துச் சொல்வதும் அவர் மறைவுக்குப் பின் ஒட்டிக்கொண்ட வழக்கம்தான். வாசகர் தேடி வருவது புழக்கப் பெயரைக் கொண்டுதான் என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. முதற்பத்தியில் இரண்டையும் தந்து, மேற்கோள் குறியை அதிகாரப்பூர்வத் தலைப்புக்கு மட்டும் இடுவது என் வழக்கம்.

பழைய இசைத்தட்டு

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். பெயர்களில் எழுத்துக்கூட்டலைவிட, யாருக்கு எந்தப் பணியின் பெருமையைத் தருகிறோம் என்பதே முதலில் கவனிக்க வேண்டியது என்பேன். ‘இன்னாருடைய பாடல்’ என்று எழுதுவதை உங்கள் கையேட்டில் தடையே செய்துவிடலாம். இன்னார் என்பவர் பாடியவரா, எழுதியவரா, இசையமைத்தவரா, திரையில் வாயசைத்தவரா என்பது அதில் தெளிவாவதில்லை.

கூட்டாகப் பணிபுரிந்தவர்கள் விஷயத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965இல் பிரிந்தது. அதற்கு முன் இருவர் பெயரிலும் வெளியான ஒரு பாடலை எம்.எஸ்.விஸ்வநாதன் இசை என்று மட்டும் எழுதுவது நடைப் பிழையன்று, தகவல் பிழை. வெளியீட்டின்போது எந்தப் பெயர் அச்சானதோ அதையே எழுதுவது என்று விதி வகுத்தால் இது தானாகச் சரியாகிவிடும். பெயரையே மாற்றிக்கொண்ட கலைஞர்களுக்கும் அவ்விதி பொருந்தும். ஆனால் பிரின்ஸ் 1993இல் தம் பெயரை உச்சரிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றிக்கொண்டு 2000இல்தான் பழைய பெயருக்குத் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளின் வெளியீடுகளுக்கு எந்த விதியும் முழுதாகக் கைகொடுக்காது. பக்கத்தின் தலைப்பில் ‘பிரின்ஸ்’ என்றே வைத்துவிட்டு, உள்ளே ஒரு வரியில் விளக்குவதுதான் வழி.

ஆண்டு எழுதும்போது அது எதனுடைய ஆண்டு என்று சொல்லாமல் விடாதீர்கள். ஒலிப்பதிவு, இசைத்தட்டு வெளியீடு, படம் திரைக்கு வந்தது ஆகியவை வெவ்வேறு ஆண்டுகளாக இருக்கக்கூடும். அறுபதுகளில் பல பிரித்தானியத் தொகுப்புகள் அமெரிக்காவில் வேறு தலைப்பிலும் வேறு பாடல் வரிசையிலும் வெளிவந்தன; எந்தப் பதிப்பைப் பற்றி எழுதுகிறோம் என்று சொல்லாமல் ‘மூன்றாவது பாடல்’ என்று எழுதினால், வாசகர் தம் கையிலிருக்கும் தொகுப்பில் வேறு ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தேடுபொறி

எழுத்துக்கூட்டலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள்தான் தளத்தின் தேடலைக் கெடுக்கின்றன. ‘சௌந்தரராஜன்’ என்பதில் ஔகாரக் குறியை இடுவதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் தனி ‘ள’வும் தட்டிவிடுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘சவுந்தரராஜன்’ என்பதும் சேர்ந்துகொண்டால், ஒரே பாடகர் மூன்று மனிதர்களாகிவிடுகிறார். ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல் உண்டு. அதை ‘ஸ’வில் தொடங்கித் தட்டுவது ஒரு முறை, யூனிகோடு 2005இல் சேர்த்த வடமொழி ‘ஶ’வில் தொடங்குவது இன்னொரு முறை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தையே காட்டும். ராகப் பெயர்களிலும் பாடகர் பெயர்களிலும் ‘ஸ்ரீ’ அடிக்கடி வருவதால், ஒன்றை முடிவு செய்து மற்றதைச் சேமிக்கும்போதே மாற்றிவிடும்படி தளத்தின் மென்பொருளில் அமைத்துவிடுங்கள். மனிதர் நினைவை நம்ப வேண்டிய விதியன்று இது.

ரகுமானா ரஹ்மானா, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து பட்டியலில் எழுதிவிட்டு, மற்ற வடிவங்களையெல்லாம் அப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதுமானது. தலைப்பெழுத்துகளுக்குப் பின் புள்ளி இடுவதையும், இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

சுருதிப்பெட்டி

மிக்க நன்றி. பெயர்ப்பட்டியலைக் கையேட்டிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பாக வைக்கிறோம். கையேடு நீண்டதற்கு அதுவே காரணம் என்று இப்போது புரிகிறது. பட்டங்களைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே? ‘இசைஞானி’, ‘மெல்லிசை மன்னர்’ என்று எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு என்று எங்கள் குழுவில் பாதிப் பேர் கருதுகிறார்கள்.

பழைய இசைத்தட்டு

மரியாதையை ‘அவர்’ என்பதும் ‘பாடினார்’ என்பதும் சுமந்துகொள்கின்றன. தகவல் பக்கங்களில் பட்டம் வேண்டாம்; ஒருவருக்கு இட்டு மற்றவருக்கு இடாமல் விட்டால், அடுத்த நாளே ரசிகர் சண்டை தொடங்கிவிடும். குழுவைக் குறிக்கும்போது ‘வெளியிட்டது’ என்று ஒருமையில் எழுதுவதும் அவமரியாதையாகாது.

ஒற்றெழுத்து

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். ரசிகர் தளம் கலைக்களஞ்சியம் அன்று. ஒருவர் தாம் நெகிழ்ந்து கேட்ட பாடலைப் பற்றிக் கையொப்பமிட்டு எழுதும் கட்டுரையில் பட்டத்தை நீக்குவது, அவர் குரலையே நீக்குவதாகும். தகவல் பக்கங்களுக்கு மட்டும் உங்கள் விதி பொருந்தட்டும். கட்டுரைகளில் முதன்முறை பெயர் வரும் இடத்தில் பட்டம் ஒருமுறை வரலாம். ஆனால் பட்டத்தை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு அது யாரென்று தெரிய வேண்டிய கட்டாயமில்லை.

சுருதிப்பெட்டி

இந்தப் பிரிவினை எங்களுக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. ஏற்கெனவே வெளியான கட்டுரைகளையும் இவ்விதிகளின்படி திருத்த வேண்டுமா?

தேடுபொறி

எழுத்துக்கூட்டலை மட்டும், காப்பு எடுத்து வைத்துக்கொண்டு, மொத்தமாகத் தேடி மாற்றுங்கள். பாடல் தலைப்புகளுக்கும் மேற்கோள் வரிகளுக்கும் உள்ளே அந்த மாற்றம் நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை, யாரேனும் அக்கட்டுரையை வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது திருந்தினால் போதும்.