புதுப்பிப்பு: பாண்டாஸை எங்கே நிறுவுவது?

பிரச்சினை தீர்ந்தது. சுங்கை சிப்புட்டில் மாமாவின் செம்பனைக் குலை எடைக் கணக்குக்குப் பாண்டாஸ் (பைதான் நிரல்மொழியில் அட்டவணைத் தரவைக் கையாளும் தொகுப்பு) வேண்டும், உபுண்டு 24.04 இயங்குதளத்தில் பிப் (பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவி) அதை நிறுவ மறுக்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

சுடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) போடாதே தம்பி என்று அப்போது தடுத்த அண்ணனுக்கு நன்றி. அந்த மறுப்பு கோளாறே இல்லை. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானில்தான் ஓடுகின்றன. நாம் கைவைத்தால் அவையும் கெடலாம். அதனால் உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏப்டி வழியாக பைதான்3-வென்வ் போட்டு, கணக்குக் கோப்புறைக்குள்ளேயே ஒரு மெய்நிகர் சூழல் (உபுண்டுவின் பைதானைத் தொடாமல் தொகுப்புகளைத் தனியாக வைக்கும் இடம்) உருவாக்கினேன். அதை இயக்கியதும் டெர்மினல் வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் வந்தது. அப்புறம் அதே பிப் கட்டளைதான். பாண்டாஸ் அந்தச் சூழலின் சைட்-பேக்கேஜஸ் என்ற தொகுப்புக் கோப்புறையில் போய் உட்கார்ந்தது.

நேற்றிரவு மாமா மூன்று மாத எடையையும் ஒரே அட்டவணையில் பார்த்தார்.