பில்லின் கடைசி வரியும் துவரம் பருப்பின் 62 ரூபாயும்

திருநகர் கணக்கர்:
சென்ற வாரம் மாதச் செலவு பற்றிய இழையில் மேடவாக்கம் சுதா அவர்கள், "தள்ளுபடி அங்காடிக்கு மாறியதிலிருந்து எங்கள் வீட்டில் மாதம் 1,200 ரூபாய் மிச்சமாகிறது, நம்பாதவர்கள் பில்லின் கடைசி வரியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். இருபது பேர் அதைப் பாராட்டியதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கூட்டுறவுத் தணிக்கையில் கணக்குப் பார்த்தவன் நான். மிச்சம் இவ்வளவு என்று அச்சாகும் அந்தக் கடைசி வரி சேமிப்பு அல்ல. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து (எம்.ஆர்.பி.) கடைக்காரர் நம்மிடம் வாங்கிய விலையைக் கழித்தால் வரும் எண், அவ்வளவுதான்.

என் பில்லையே எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் 34 சாமான்கள் வாங்கினேன். எம்.ஆர்.பி. மொத்தம் 4,860 ரூபாய், நான் கொடுத்தது 4,215, ஆகவே கடைசி வரியில் 645 ரூபாய் மிச்சம் என்று இருந்தது. அதே சிட்டையை எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் கொடுத்து விலை போடச் சொன்னேன், 4,398 வந்தது. உண்மையான வித்தியாசம் 183 ரூபாய். போக வர 14 கிலோமீட்டர் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் 30 ரூபாய் போனால் மிஞ்சுவது 153.

இதில் என்னை மிகவும் உறுத்தியது துவரம் பருப்பு. ஒரு கிலோ பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 210 என்று இருந்தது, விற்ற விலை 148. ஆகவே 62 ரூபாய் மிச்சம் என்று பில் சொல்கிறது. அந்தப் பாக்கெட்டைக் கட்டியது அந்த அங்காடியே. 210 என்று அச்சிட்டதும் அந்த அங்காடியே. அண்ணாச்சியிடம் அதே பருப்பு சில்லறையில் 152. ஆக என் சேமிப்பு 62 அல்ல, 4 ரூபாய்.

மேடவாக்கம் சுதா:
ஐயா, வணக்கம். என் பெயரைப் போட்டு எழுதியதால் பதில் சொல்கிறேன். நான் ஐந்து மாத பில்களைக் கூட்டித்தான் எழுதினேன். மொத்தம் 6,140 ரூபாய், சராசரியாக மாதம் 1,228. உங்கள் தெருவில் அண்ணாச்சி இருக்கிறார் என்றால் அது உங்கள் நல்ல காலம். எங்கள் குடியிருப்பின் வாசலில் இருக்கும் கடையில் எம்.ஆர்.பி.யிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்கள். குளிர்ந்த பால் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகவே வாங்குகிறார்கள். அங்கே கிடைப்பது ஒரே ஒரு நிறுவனத்தின் பருப்பு, அதுவும் அச்சிட்ட விலைக்கே. ஆகவே என்னைப் பொறுத்தவரை பில்லின் கடைசி வரி உண்மைதான்.

மேலும், 148 என்பது 152-ஐ விடக் குறைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க எதற்காக இந்த இழை?

திருநகர் கணக்கர்:
அம்மா, 148 குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. 62 ரூபாய் மிச்சம் என்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் வாசல் கடையில் பருப்பு என்ன விலை என்று நீங்கள் எழுதவில்லை. அது 210 ஆக இருந்தால் மட்டுமே உங்களுக்கு 62 மிச்சம். எவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஏரல் மளிகை:
எங்கள் அப்பா 1984 முதல் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே பொட்டலம் மடித்து வளர்ந்தவன் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சோப்பு, பற்பசை, தேயிலை போன்றவற்றில் விநியோகஸ்தரிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கும் லாபமே நூற்றுக்கு எட்டு அல்லது பத்து ரூபாய்தான். அதற்குள் வாடகை, மின்சாரம், ஆள் கூலி, எலி கடித்த மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் குறைத்து விற்கும் அங்காடியோடு நாங்கள் போட்டியிட முடியாது. அவர்கள் நிறுவனத்திடம் நேரடியாக வாங்குகிறார்கள். ஆனால் பருப்பும் அரிசியும் மிளகாயும் அப்படியல்ல. விருதுநகரிலிருந்து மூட்டையாக வாங்கிப் புடைத்து விற்கும்போது எங்களால் விலையில் நிற்க முடிகிறது.

வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்து சேர்வதும், மாதக் கடைசியில் பணம் இல்லாவிட்டாலும் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பதும் எந்த பில்லின் கடைசி வரியிலும் வராது. ஊரடங்கு நாட்களில் யார் கதவைத் தட்டி மளிகை கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதைச் சிலர் மறந்துவிட்டார்கள்.

மேடவாக்கம் சுதா:
தம்பி, உங்கள் அப்பாவின் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நோட்டில் எழுதி வாங்குகிறவர்கள் விலை கேட்க முடியாது என்பதும் உண்மை. என் அம்மா இருபது ஆண்டுகள் அந்த நோட்டோடு வாழ்ந்தவர். கடன் சொல்லி வாங்கும்போது பருப்பில் கல் இருந்தாலும் வாய் திறக்க முடியாது. ரொக்கம் கொடுத்து, விலை ஒட்டிய பலகையைப் பார்த்து, யாரிடமும் தயவு கேட்காமல் வாங்குவதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அதை 153 ரூபாய் என்று யாரும் கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டாம்.

டோர்ட்முண்ட் தமிழன்:
ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் வீட்டில் வாரச் சாமான் பெரும்பாலும் ஆல்டி என்ற தள்ளுபடி அங்காடியில்தான். 1913இல் எஸ்ஸன் நகரில் ஒரு தாய் நடத்திய சிறு கடையிலிருந்து வளர்ந்தது அது. மகன்கள் கார்ல், தியோ இருவரும் 1960களின் தொடக்கத்தில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற சண்டையில் வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இங்கே மளிகைக்கு எம்.ஆர்.பி. என்ற ஒன்றே கிடையாது. கடை தன் விலையைப் போடும். ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் அலமாரியில் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சண்டையிடும் 62 ரூபாய் எம்.ஆர்.பி. இருப்பதால் மட்டுமே பிறக்கிறது. ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பார்த்து வாங்கினால் இந்த விவாதமே தேவைப்படாது.

திருநகர் கணக்கர்:
தம்பி, எம்.ஆர்.பி.யை அகற்றச் சொல்வது எளிது. எல்லா வரிகளும் உட்பட என்று பொட்டலத்தில் அச்சிடும் முறை 1990இல் வந்ததற்குக் காரணம், வரி தனி என்று சொல்லிக் கடைக்காரர்கள் வாய்க்கு வந்த தொகையை வாங்கியதுதான். அது உச்சவரம்பு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் இங்கே அச்சிட வைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் எம்.ஆர்.பி.யை எடையால் வகுத்து வரும் எண்தான். 210 ரூபாய்ப் பருப்பில் அது கிராமுக்கு 21 காசு என்று வரும். நான் கொடுத்ததோ 14.8 காசு. ஆகவே அந்த எண்ணும் அதே 62 ரூபாயைத்தான் வேறு உருவில் காட்டுகிறது.

சுதா அவர்கள் இன்னும் தன் வாசல் கடையின் பருப்பு விலையைச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

பழைய திருவான்மியூர்:
எல்லோரும் சுபிக்ஷாவை மறந்துவிட்டீர்கள். 1997இல் சென்னையில் தொடங்கிய தள்ளுபடிக் கடை அது. மளிகை, மருந்து, பின்னர் கைபேசி என்று விரிந்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கிளைகள் வரை வளர்ந்து, 2009இல் பணம் புரட்ட முடியாமல் மூடப்பட்டது. எங்கள் பகுதியில் அந்தக் கடையை நம்பி மாறியவர்கள் எல்லோரும் பழைய நாடார் கடைக்கே திரும்பி வந்தார்கள். மலிவாக விற்கிறவர் நெடுநாள் நிற்பார் என்று யாரும் நம்ப வேண்டாம்.

மேடவாக்கம் சுதா:
சுபிக்ஷா மூடப்பட்டது மலிவாக விற்றதால் அல்ல. கையில் இருந்த பணத்துக்கு மேல் வேகமாகக் கிளை திறந்ததால். 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட், பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் நிதானமாக வளர்ந்தது. பங்கு வெளியிட்டதே 2017இல்தான். சரக்குக் கொடுத்தவர்களுக்குச் சில நாட்களிலேயே பணம் கொடுத்துவிடுவதால் குறைந்த விலையில் வாங்க முடிகிறது. மலிவு என்பது ஏமாற்று அல்ல, அது ஒரு நிர்வாக முறை.

பழைய திருவான்மியூர்:
நான் ஏமாற்று என்று எங்கே எழுதினேன்? படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள், அம்மா. அந்தக் கடை மூடிய வாரத்தில் அடுத்த மாதச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவின் முன்னால் நின்றவன் நான். நீங்கள் நிர்வாக முறை பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருநகர் கணக்கர்:
சுபிக்ஷாவையும் ஆல்டியையும் விட்டுவிட்டு 62 ரூபாய்க்கு வாருங்கள். என் பில்லில் கடைசி வரி காட்டிய 645 ரூபாயில் 312 ரூபாய், அங்காடியே பொட்டலமிட்ட பருப்பு, அரிசி, சர்க்கரை, மிளகாய் ஆகியவற்றிலிருந்து வந்தது. ஏறத்தாழப் பாதி. தானே மேலே ஒரு விலையை அச்சிட்டு, தானே கீழே ஒரு விலைக்கு விற்று, நடுவில் இருப்பதை எனக்குக் கொடுத்த பரிசாகக் காட்டும் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று சிட்டையில் இல்லாத ஒரு டப்பா வரிசையை 199 ரூபாய்க்கு என் மனைவி எடுத்து வண்டியில் வைத்தார். எங்கள் அலமாரியில் ஏற்கெனவே டப்பாக்களுக்குக் குறைவில்லை. 153 ரூபாய் மிச்சம் அங்கேயே கரைந்து, 46 ரூபாய் கையிலிருந்து போனது. அண்ணாச்சி கடையில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சிட்டையைக் கொடுக்கிறோம். உள்ளே நடந்து போய் எடுப்பதில்லை. அந்த மேசையின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மேடவாக்கம் சுதா:
டப்பா வாங்கியது உங்கள் வீட்டு முடிவு. அதற்கு அங்காடி என்ன செய்யும்? நான் சிட்டை எழுதிக்கொண்டு போகிறேன், சிட்டையில் இல்லாததைத் தொடுவதில்லை.

இன்னொரு விஷயம். மாவு அரைப்பது பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள். கடையில் மாவு வாங்குவது வீண் என்று 11 பதிவுகள் எழுதி, மின்சாரக் கட்டணத்தை மட்டும் கணக்கில் சேர்த்து, அரைக்கிற பெண்ணின் இரண்டு மணி நேரத்தைச் சேர்க்கவே இல்லை. நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. உங்கள் கணக்கில் எப்போதும் உங்களுக்கு வேண்டிய செலவு மட்டும் வரும்.

ஏரல் மளிகை:
நோட்டைப் பற்றி அக்கா எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் கடையில் கல் இருந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் என் அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நோட்டில் வாங்கியவருக்கும் ரொக்கம் கொடுத்தவருக்கும் ஒரே மூட்டையிலிருந்துதான் அளந்தார். ஒரு சிலர் செய்ததை எல்லோர் தலையிலும் வைக்க வேண்டாம்.

வரியையும் கவனியுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச் சீட்டு ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சில்லறையாக அளந்து கொடுத்தால் இல்லை. அதனால்தான் அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கின. கணக்கர் ஐயாவின் 148 ரூபாயில் ஏறத்தாழ 7 ரூபாய் வரி.

மேடவாக்கம் சுதா:
நன்றி, தம்பி. 7 ரூபாய் வரி கட்டிய பிறகும் அங்காடியில் 148, வரியே இல்லாத கடையில் 152. என் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஏரல் மளிகை:
ஒரே தரத்துப் பருப்பு என்று யார் சொன்னது? பருப்பில் தரம் பிரித்து விலை உண்டு. இரண்டையும் ஒரே குக்கரில் வேகவைத்துப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்லுங்கள்.

திருநகர் கணக்கர்:
நான் இரண்டையும் வேகவைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏரல் தம்பி இதனால் வருந்த வேண்டாம், உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாவு விவாதத்தை இங்கே இழுத்தது முறையல்ல. அரைக்கும் நேரத்துக்குக் கூலி போட வேண்டும் என்றால், அங்காடியில் பணம் செலுத்தும் வரிசையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் முக்கால் மணி நேரத்துக்கும் கூலி போட வேண்டும். போடட்டுமா?

மலிவு மட்டுமே நோக்கம் என்றால் நியாயவிலைக் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். அங்கே யாரும் மிச்சம் இவ்வளவு என்று அச்சிட்டுக் கொடுப்பதில்லை. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் நியாயமான விலையைத்தான் எழுதி வைத்தார்கள். ஏற்றி இறக்கிக் காட்டவில்லை.

ஆகவே மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். உங்கள் வாசல் கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு எவ்வளவு?

மேடவாக்கம் சுதா:
198 ரூபாய். இப்போது திருப்தியா? 198-இல் 148 போனால் 50 ரூபாய் மிச்சம். நாலு ரூபாய் அல்ல.

திருநகர் கணக்கர்:
62-உம் அல்ல.

மேடவாக்கம் சுதா:
50-க்கும் 4-க்கும் நடுவில் எது 62-க்குப் பக்கம் என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வரும் 1ஆம் தேதி வாங்கப் போகிறேன். அந்த பில்லை முழுவதுமாக, கடைசி வரியை வெட்டாமல் இங்கே போடுகிறேன்.

திருநகர் கணக்கர்:
போடுங்கள். பருப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்துப் போடுங்கள். பொட்டலமிட்டவர் யார் என்பது அங்கேதான் அச்சாகியிருக்கும்.