வின்செஸ்டர் 1903-க்கு எந்தத் தோட்டா? வரிசை எண் இல்லாத நைலான் 66-ஐ வாங்கலாமா?

கேள்வி (பென்சில்வேனியாவாசி)

வணக்கம். பழைய .22 ரிம்ஃபயர் (உறையின் விளிம்பில் அடித்துச் சுடும் சிறு தோட்டா) துப்பாக்கிகளில் செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிள்களை மட்டும் சேகரிக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இங்கே காலமான ஒருவருடைய உடைமைகளை அவர் குடும்பத்தார் விற்கிறார்கள். அவற்றில் ஒரு வின்செஸ்டர் மாடல் 1903-ம் ஒரு ரெமிங்டன் நைலான் 66-ம் இருக்கின்றன. வின்செஸ்டருக்கு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவே போதும் என்கிறார்கள். நைலான் 66-இல் எங்கு தேடியும் வரிசை எண்ணைக் காணவில்லை. இரண்டையும் நம்பி வாங்கலாமா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1

தோட்டாவைப் பற்றி உங்களிடம் சொல்லப்பட்டது தவறு. அதைக் கேட்டு நடந்தால் ஆபத்து. மாடல் 1903-ஐ வடிவமைத்த டி. சி. ஜான்சன் காலத்தில் .22 லாங் ரைஃபிள் தோட்டாக்கள் கரிமருந்து அடைத்தும் விற்பனையாயின. அந்தக் கரி படிந்தால் தானியங்கி இயக்கம் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும் என்பதால், புகையற்ற மருந்து மட்டுமே அடைத்த .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக் என்ற தனித் தோட்டாவை அந்த நிறுவனம் இந்தத் துப்பாக்கிக்கென்றே உருவாக்கியது. அதன் உறை லாங் ரைஃபிள் உறையைவிடப் பருமனானது. ஆகவே லாங் ரைஃபிள் தோட்டாவை இதில் போட்டால் அது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் தொளதொளவென்று உட்காரும். சுட்டதும் உறை உப்பி நெடுக்கில் கிழியும், சூடான வாயு பின்பக்கமாகக் கசியும். ரெமிங்டன் தன் மாடல் 16-க்கென 1914-இல் கொண்டுவந்த ஆட்டோலோடிங் தோட்டா பெயரளவில்தான் இதைப் போன்றது. அதுவும் இதற்குப் பொருந்தாது. சரியான தோட்டா எப்போதாவதுதான் தயாராகி வருகிறது, விலையும் அதிகம். சுட்டுப் பழக வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கமென்றால், 1933-இல் இதன் இடத்துக்கு வந்த மாடல் 63-ஐத் தேடுங்கள். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் 63 சாதாரண லாங் ரைஃபிள் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் 1903-ஐ விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்கட்டையின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை உள்நோக்கி அழுத்தித்தான் முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்ற வேண்டும். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் குழாய் பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் வெற்றிகரமாக விற்பனையான முதல் .22 செமி ஆட்டோமேட்டிக் இதுதான். வாங்குமுன், இயங்கும் பாகங்கள் அடங்கிய உலோகப் பெட்டியை ஒட்டியிருக்கும் பின்கட்டையின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குழலுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து எரியூட்டி மருந்தின் உப்பு, சுட்டவுடன் துடைக்காத குழல்களையெல்லாம் அரித்துத் தின்றிருக்கிறது.

மறுமொழி 2

தோட்டாவுக்கு முன்னால் விசா. எச்-1பி போன்ற தற்காலிகக் குடியேற்ற நிலையில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. அவற்றுள் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படக்கூடியது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த உரிமம் காலாவதியான அன்றே கையிலிருக்கும் துப்பாக்கி குற்றமாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பொருள்தானே என்ற சலுகையும் கிடையாது, ஏனெனில் 1898-க்குப் பின் செய்யப்பட்ட துப்பாக்கியைச் சட்டம் பழம்பொருளாகக் கருதுவதில்லை. நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது தனிக் குற்றம்.

வரிசை எண் விஷயம் இந்த அளவுக்குச் சிக்கலானதன்று. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்பு, விலை குறைந்த .22 ரைஃபிள்கள் பலவும் எண் பொறிக்கப்படாமலேயே ஆலையை விட்டு வெளிவந்தன. 1959-இல் அறிமுகமான நைலான் 66-இன் தொடக்கக் காலத் துப்பாக்கிகளும் அப்படிப்பட்டவையே. எண் ஒருபோதும் இல்லாதிருந்தால் தவறில்லை. இருந்த எண்ணை அராவி அழித்த தடம் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வேட்டை உரிமம் கைக்கு வரும்வரை எதையும் வாங்கப் போவதில்லை. இன்னும் ஓர் ஐயம்: 1903-இன் கருநீலப் பூச்சு பெரும்பாலும் தேய்ந்து பழுப்பாகியிருக்கிறது. பின்னாளில் அப்படி ஒன்று வாங்கினால் புதிதாகப் பூச்சு ஏற்றலாமா?

மறுமொழி 3

வேண்டாம். பூச்சு ஏற்றுவதற்கு முன் எஃகை மெருகுச் சக்கரத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், ஆலை முத்திரை மங்கும், திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்துவிடும். இந்த மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், விலையும் சரியும். தொலைநோக்கி மாட்டுவதற்காகப் பெட்டியின் மேல் பிற்காலத்தில் போட்ட துளைகளுக்கும் இதே கதிதான். துருவின் மேல் எண்ணெய் தடவி, மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

நைலான் 66-க்கு அந்தக் கவலையே இல்லை. அப்போது ரெமிங்டன் டூபான்ட் நிறுவனத்தின் கையில் இருந்ததால், அதன் நைலானைக் கொண்டே கட்டையை வார்த்தார்கள். உள்ளே நகரும் பாகத்துக்கு எண்ணெயும் தேவையில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி என்பதால் பழுப்பு நிறக் கட்டை உள்ளதை அவசரப்பட்டு அதிக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. செனிகா பச்சை என்ற நிறக் கட்டை கண்ணில் பட்டால் மட்டும் விலையைக் கொஞ்சம் கூட்டிப் பேசலாம். மேல் தகட்டை மட்டும் விளையாட்டாகக் கழற்றாதீர்கள். உள்ளே இருப்பவற்றைத் திரும்ப அதே இடத்தில் அடக்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

உரிமம் வந்த பிறகு, தொடக்கத்திலேயே சுடவும் சேர்க்கவும் ஒன்று வேண்டுமென்றால் ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட ரெமிங்டன் மாடல் 241-ஐப் பாருங்கள். குழல் வேறு, கட்டை வேறு என்று இரண்டாகப் பிரித்துப் பைக்குள் வைக்கலாம். காலி உறைகள் கீழ்ப்பக்கமாக விழும். லாங் ரைஃபிளைவிடக் குட்டையான .22 ஷார்ட் தோட்டாவுக்கென்று செய்தவையும் அதில் உண்டு. எனவே பணம் கொடுப்பதற்கு முன் குழலில் பொறித்திருப்பதை வாசித்துவிடுங்கள்.