மெல்லோட்ரான் டேப்பைத் தூக்கிப் போடும் முன்

பெரம்பூரிலிருந்து:

பழைய மெல்லோட்ரான் எம்400 (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) வைத்திருக்கும் தம்பி, டேப் முழுவதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள், முதலில் சுத்தம் செய்து பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, புளியந்தோப்பில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு கீபோர்டு வாத்தியார் வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அவரிடமிருந்த எம்400 கருவி 50 கிலோவுக்கு மேல் கனம், தனி ஆளாகத் தூக்க முடியாது. தண்ணீர் வடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

35 கட்டை, கட்டைக்கு ஒரு டேப். அகலம் 3/8 அங்குலம், அதில் மூன்று டிராக், அதாவது பக்கம் பக்கமாக மூன்று வாத்திய ஒலிகளின் பதிவு. கட்டையை அழுத்தினால் பஞ்சுத் துண்டு டேப்பை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அணைக்கும், ரோலர் அதைச் சுழலும் தண்டோடு அழுத்தி ஓடவிடும். சுமார் எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டேப்பின் கீழ்ப்பகுதி கேபினட்டுக்குள் தொங்குகிறது. சேறு புகுந்ததும் அங்கேதான்.

நல்ல வேளையாக எம்400-இல் டேப் சட்டம் தனியாகக் கழன்று வரும். கழற்றியதும் செய்த முதல் வேலை, ஒவ்வொரு டேப்பிலும் கட்டையின் பெயரைச் சீட்டு எழுதி ஒட்டியது. எது எந்த ஸ்வரம் என்று குழம்பிவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றாக வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சேறு காய்ந்து இறுகும் முன் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் தொங்கவிட்டோம். வெயிலில் வைக்கவே கூடாது, டேப் சுருண்டுவிடும்.

திரும்ப மாட்டியபோது பாதிக் கட்டைகள் கமறின. டேப் போய்விட்டது என்று வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. புதுப் பஞ்சு வைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்தேன். குச்சி காபிப் பொடி நிறத்தில் வந்தது. பெரும்பாலான கட்டைகளில் புல்லாங்குழல் பழையபடி கேட்டது. ஒலி பதிந்திருக்கும் காந்தப் பூச்சே உரிந்துபோன சில டேப்களுக்கு மட்டும் மாற்று தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்ட்ரீட்லி எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் இன்றும் புது டேப் செய்து தருகிறது.

மாற்றுவதற்கு முன் மூன்று டிராக்கையும் கட்டை கட்டையாகக் கணினியில் பதிந்துவிடுங்கள். உங்கள் கருவியில் தேய்ந்து பழகிய அந்தச் சத்தம் புது டேப்பில் வராது. மாட்டும்போது காந்தப் பூச்சுள்ள பக்கம் ஹெட்டைப் பார்த்திருக்க வேண்டும், முறுக்கு விழக்கூடாது.

காசிமேட்டிலிருந்து:

அண்ணே, எங்கள் வீட்டில் மெல்லோட்ரான் இல்லை, அப்பா தேவாலயப் பாடகர் குழுவைப் பதிந்த டேப் சுருள்கள், அதாவது ஸ்பூல்கள்தான் இருக்கின்றன. கடற்காற்று இரும்பு ஆணியையே தின்கிற இடம் இது. ஒரு பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை குப்பென்று வந்தது. அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப் கெடுகிற வாடை, பக்கத்தில் உள்ளதையும் கெடுத்துவிடும் என்பதால் தனியே பிரித்து வைத்தேன். பூச்சு பிசுபிசுத்துப்போன ஒலி டேப்பை இளஞ்சூட்டில் வைத்து எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு யாராவது இதையும் சூடாக்கிவிடாதீர்கள். அந்த வைத்தியம் பாலியெஸ்டர் டேப்புக்கு மட்டும்.

பெரம்பூரிலிருந்து:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. வாடை வருகிற ஸ்பூலை முதலில் பதிந்துவிடுங்கள், மற்றவை கொஞ்சம் காத்திருக்கும். மெல்லோட்ரான் தம்பிக்கு இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கருவியை மூடியே வைக்காமல், வாரம் ஒரு முறையாவது எல்லாக் கட்டையையும் கடைசி வரை ஓடவிடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். ஸ்பீக்கரைக் கருவிக்கு ஒட்டி வைக்காதீர்கள், காந்தம் டேப்புக்கு ஆகாது.