அக்ரிலிக் ஊற்றிய வாழ்த்து அட்டை காயுதே இல்லை, அவசர உதவி

கல்லடிப்பாலம்:
பொங்கலுக்கு வாழ்த்து அட்டை செய்து தருவதாக ஓடர் எடுத்துவிட்டேன். பின்னணிக்கு அக்ரிலிக் பெயின்டை இளக்கிக் கலந்து அட்டையில் ஊற்றினேன். நிறம் நல்லா வந்தது, செல்களும் (நிறங்கள் விலகி விழுகிற வட்டக் கண்கள்) அழகாக விழுந்தன. ஆனால் இன்னும் தொட்டால் பிசுபிசுக்குது. அட்டை அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கு. மேலே எழுதப்போனால் பேனை வழுக்குது. என்ன செய்யலாம்? கெதியாகச் சொல்லுங்கள்.

காத்தான்குடி கைவேலை:
என்ன அட்டை? என்ன பெயின்ட்? எதோடு கலந்தீர்கள்? ஊற்றி எத்தனை நாள்? ஒன்றையும் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

கல்முனை வாடை:
இதில் கேட்க என்ன இருக்கு, மார்கழி மழைதான் காரணம். அக்ரிலிக்கில் உள்ள தண்ணீர் ஆவியாகினால்தான் அது காயும். இப்ப காற்றே ஈரம். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில் ஊற்றிப்பாருங்கள், அடுத்த நாளே தொடலாம். இப்போதைக்கு ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

காத்தான்குடி கைவேலை:
ஃபேனை நேரே பிடிக்க வேண்டாம். மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். மறுகா அடி சுருங்கும்போது மேல் தோல் வெடிக்கும்.

பழைய தூரிகை:
இதெல்லாம் இங்கே எத்தனையோ தடவை பேசியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. தண்ணீர் அளவுக்கு மீறினால் பைண்டர், அதாவது நிறத்தைப் பிடித்து வைக்கிற பசை, உடையும், அவ்வளவுதான் விஷயம். ஊற்றுவதற்கென்றே பெயின்டில் கலக்கிற முறையான பூரிங் மீடியம் வாங்குங்கள். காசைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

கல்லடிப்பாலம்:
பிரிஸ்டல் போட், மெல்லிசான வழுவழுப்பு அட்டை. டியூப் அக்ரிலிக். பைண்டர் கம்மும் (வெள்ளைப் பசை) தண்ணீரும் கலந்தேன், எல்லாரும் செய்கிற மாதிரித்தான்.

வாழைச்சேனை ஐயா:
பிரிஸ்டல் போட்டில் ஊற்றினால் வளையாமல் என்ன செய்யும்? குறைந்தது 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் அட்டை வேண்டும். எங்கட வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒழுங்காக ஓடியிருந்தால் இப்படி மெல்லிசு அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டி வந்திராது.

கல்முனை வாடை:
ஐயா, அந்த ஆலையின் கடதாசி வைக்கோலில் செய்தது. வைக்கோல் நார் குட்டை. எழுதலாம், அச்சடிக்கலாம். இவ்வளவு ஈரத்தை அது தாங்காது.

வாழைச்சேனை ஐயா:
தம்பி, 1956இல் திறந்த ஆலை. அதன் கடதாசியில் படித்து வளர்ந்தவன் நான். வைக்கோல் கூழ் விறைப்பான கடதாசி தரும், தெரியுமா? நீங்கள் பார்த்தது எல்லாம் அதன் கடைசிக் காலம்.

பழைய தூரிகை:
இங்கே கடதாசி ஆலை பற்றியா கேள்வி?

காத்தான்குடி கைவேலை:
தூரிகை நானா, பைண்டர் ‘உடையாது’, ஐதாகும். நிறம் பிடிப்பில்லாமல் தூளாக உதிர்ந்திருந்தால் தண்ணீரைக் குற்றம் சொல்லலாம். இங்கே பிசுபிசுப்பு, அது வேறு.
கல்லடி, ஒன்று கேட்கிறேன். பைண்டர் கம் மட்டும் போட்டு அவ்வளவு செல் வராது. செல்லுக்கு என்ன விட்டீர்கள்?

கல்லடிப்பாலம்:
தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம். வீட்டில் அதுதான் இருந்தது.

காத்தான்குடி கைவேலை:
அதுதான் விஷயம். ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட இறுகும், ஓவியர்கள் அதைத்தான் எண்ணெய் வர்ணத்தில் சேர்ப்பார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் கிடந்தாலும் இறுகாது. வெயிலில் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். பேனை வழுக்குவதும் அதனால்தான்.
செல் வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய், அதுவும் ஒரு கோப்பைக்கு ஒரு துளி, இரண்டு துளி. அதுவும் மேலே படலமாக நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அட்டையில் இது கஷ்டம், ஓரத்தால் தண்ணீர் உறிஞ்சிவிடும்.
நான் வாழ்த்து அட்டைக்கு அட்டையில் ஊற்றுவதே இல்லை. தடித்த பொலித்தீனை மேசையில் விரித்து, அதில் ஊற்றி, மழைக்காலத்தில் மூன்று நாலு நாள் விட்டு, தோலாக உரித்து எடுப்பேன். பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டி, மடித்த அட்டையில் ஒட்டுவேன். அட்டை நனையாததால் வளையாது. பழுதான இடத்தை வெட்டி எறியலாம்.
இப்போது செய்ததில் எண்ணெய் உள்ளேயும் கலந்திருக்கு. துடைத்தாலும் திரும்பக் கசியும். ஓடருக்குக் கொடுக்காதீர்கள்.

கல்முனை வாடை:
வளைவுக்குப் பின்பக்கமும் ஒரு பூச்சு அடித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரேயளவு இழுத்து நேராகும். அதையும் சொல்லியிருக்கலாம். மழையும் ஒரு காரணம்தான்.

காத்தான்குடி கைவேலை:
சரி, மழையும்தான். இன்னொன்று, காய்ந்தாலும் அடுக்கி வைக்க வேண்டாம். அக்ரிலிக் சூட்டுக்கு இளகும், ஒன்றோடொன்று ஒட்டும், பொலித்தீன் கவரிலும் ஒட்டும். கேக் சுடப் போடுகிற பேக்கிங் பேப்பரை நடுவில் வையுங்கள்.

பழைய தூரிகை:
மீடியம் வாங்கியிருந்தால் இத்தனை பதிலும் தேவைப்பட்டிராது.

வாழைச்சேனை ஐயா:
மீடியத்தில் தேங்காய் எண்ணெய் விட்டாலும் இதே கதைதான், தூரிகை.

கல்லடிப்பாலம்:
பொலித்தீனில் ஊற்றினேன், எண்ணெய் இல்லாமல். உரிந்தது, பிசுபிசுப்பு இல்லை. செல் மட்டும் குறைவு. நன்றி எல்லாருக்கும்.

ஆரையம்பதி 7:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் நான் எண்ணெய் ஒன்றும் விடவில்லை, பொலித்தீனில்தான் ஊற்றினேன். உரிக்கும்போது கிழியுது. ஏன்?

காத்தான்குடி கைவேலை:
என்ன பெயின்ட்? என்ன கலந்தீர்கள்? எத்தனை நாள் விட்டீர்கள்?