12 போர் (குழல் அளவு) தோட்டா: களிமண் தட்டு சுட எந்த நம்பர்? (அவசரம்)

கோத்தகிரி_பையன் (வியாழன், காலை 7:10)
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக, காற்றில் எறியும் களிமண் தட்டைச் சுடப் போகிறேன். தாத்தாவின் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. கடைக்காரர் "எந்த நம்பர், எத்தனை கிராம்?" என்றார். முழித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சீக்கிரம் சொல்லுங்க, நாளை மறுபடி போகணும்.

தேயிலைத்தூள்
நம்பர் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டின் அளவு, நம்பர் கூடினால் குண்டு சிறிது; கிராம் என்பது குண்டுகளின் மொத்த எடை. ஒற்றைக்குழலா, ரெட்டைக்குழலா? சோக் (குழல் நுனியின் இறுக்கம்) என்ன? டிராப்பா (தட்டு நம்மைவிட்டு விலகிப் பறப்பது), ஸ்கீட்டா (குறுக்கே பறப்பது)? தாத்தாவின் துப்பாக்கியை நாங்கள் பார்த்ததில்லையே தம்பி.

நம்பர்_ஆறு
6 வாங்குங்க. எங்கேயும் கிடைக்கும், அடி பலமாக இருக்கும்.

தேயிலைத்தூள்
தட்டை உடைக்கப் பலம் எதற்கு? அது 11 செ.மீ. அகலம். 6-ல் குண்டு பெரிது, எண்ணிக்கை குறைவு. இடைவெளியில் தட்டு நழுவிப் போய்விடும். டிராப்புக்கு 7½, ஸ்கீட்டுக்கு 9. எடை 24 கிராம் போதும், ஒலிம்பிக்கிலேயே அதற்கு மேல் அனுமதி இல்லை.

வெலிங்டன்_ஓய்வு
இதே கேள்விக்கு நான் எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியைவிடக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிது. குண்டு வேகம் இழப்பது குறைவு. மலையில் 8-ஏ தாராளம். சமவெளிக் கணக்கை இங்கே தூக்கி வராதீர்கள்.

மஞ்சூர்_மேகம்
குளிரில் வெடிமருந்தின் வேகமும் குறையுமே சார்? அதைக் கணக்கில் எடுக்கவில்லையே. என்னைக் கேட்டால் நம் பக்கம் நம்பரைவிட மூடுபனிதான் தொல்லை. கறுப்புத் தட்டு கண்ணிலேயே படாது. ஆரஞ்சு கேளுங்க.

வெலிங்டன்_ஓய்வு
நாற்பது வருஷமாகச் சுடுகிறேன். குளிர் எனக்குப் புதிதல்ல.

மஞ்சூர்_மேகம்
நான் உங்கள் வயதைக் கேட்கவில்லை சார்.

கோத்தகிரி_பையன் (மாலை 4:40)
மன்னிக்கணும், ரெட்டைக்குழல். குழலுக்கு அடியில் டைமண்ட் மாதிரி ஒரு கட்டம், அதற்குள் 12, கீழே C. தாத்தா வைத்திருந்த காகிதத் தோட்டாவும் ஒரு டப்பா இருக்கிறது. அதையே சுடலாமா?

வெலிங்டன்_ஓய்வு
C என்றால் சோக். ஃபுல் சோக். இதுகூடத் தெரியாமல் துப்பாக்கி தூக்குகிறார்கள்.

பட்டறைக்காரர்
இல்லைங்க ஐயா. அது இங்கிலாந்து புரூஃப் முத்திரை (குழலைச் சோதித்ததற்கான அடையாளம்), 1887-லிருந்து 1925 வரை போட்டது. C என்றால் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) 3 அங்குலத்துக்குக் குறைவு, அவ்வளவுதான். சரியான நீளத்தை அதற்கப்புறம்தான் பொறிக்க ஆரம்பித்தார்கள். சோக் இருந்தால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள்.

தம்பி, நம்பரை ஒரு ஓரமாக வையுங்க. அந்தக் காலத்துத் துப்பாக்கி நிறைய 2½ அங்குல சேம்பர், அதாவது 65 மி.மீ. இன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70. இந்த 70 என்பது சுட்டபின் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் 65-க்குள்ளும் சமர்த்தாகப் போய் உட்காரும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் இருக்காது. குழலின் குறுகலில் போய் நெரியும், அழுத்தம் எகிறும். "உள்ளே போச்சே, அப்போ சரிதான்" என்றுதான் பலரும் ஏமாறுவது.

அப்புறம், நைட்ரோ புரூஃப் (இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது) என்று பொறித்திருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலாக இருக்கலாம். குழலில் அலை அலையாகக் கோடு ஓடினால் டமாஸ்கஸ், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய குழல். சுவரில் மாட்ட அழகாக இருக்கும். அளந்து பார்க்காமல் எதையும் போடாதீங்க.

காகிதத் தோட்டா வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் ஈரத்தில் உப்பியிருக்கும், பாதியில் சிக்கும். லைசென்ஸ் உள்ள கடையிலேயே கேட்டு ஒப்படைத்துவிடுங்க.

தேயிலைத்தூள்
நல்லவேளை நீங்கள் வந்தீர்கள். நம்பரிலும் ஒரு குழப்பம் உண்டு: இங்கிலீஷ் 7-உம் அமெரிக்க 7½-உம் ஒரே குண்டுதான், 2.4 மி.மீ. டப்பாவில் மி.மீ. பார்த்து வாங்குங்க.

வெலிங்டன்_ஓய்வு
முத்திரை விஷயம் எப்படியோ போகட்டும். 2,240 மீட்டரில் 8 போதும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

மஞ்சூர்_மேகம்
நான் மறுத்தேனே. கோத்தகிரி அவ்வளவு உயரமும் இல்லை.

கோத்தகிரி_பையன் (வெள்ளி, காலை 6:55)
சுடப் போவது கோவைப் பக்கம். சொல்ல மறந்துவிட்டேன்.

மஞ்சூர்_மேகம்
அடப்பாவி.

கோத்தகிரி_பையன் (ஞாயிறு, இரவு 9:20)
நன்றி. பட்டறையில் அளந்தார்கள், சேம்பர் 65. வீட்டிலேயே வைத்துவிட்டேன். கிளப் துப்பாக்கியில் 24 கிராம், 7½. 25 தட்டுக்கு 6 உடைந்தது. தோள் வலிக்கிறது.

நம்பர்_ஆறு
6 என்று நானும்தான் முதலிலேயே சொன்னேன்.